அந்த பஸ் டிக்கெட் காசு வீண்போகவில்லை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"பதின்வயது இசைக்குழுவின் முதல் வெளியூர்ப் பயணம் ஆதாயமா, நஷ்டமா?" ஆதாயமே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழர் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவை இழுத்தார். 1960-ல் ஹாம்பர்க் போனார்கள், சினிமா தியேட்டர் திரைக்குப் பின்னால் படுத்தார்கள், 17 வயது ஜார்ஜ் ஹாரிசனை வயது போதாது என்று ஜெர்மனியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள் என்றார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இரவு இரவாக மணிக்கணக்கில் வாசித்துப் பழகிய அதே பையன்கள் டிசம்பர் 27 அன்று லிவர்பூல் பக்கத்து லிதர்லாண்ட் டவுன் ஹாலில் ஏறியபோது, கூட்டம் மேடையை நோக்கிப் பாய்ந்ததே, அதை ஏன் விட்டுவிட்டார்?

சரி, அவர் பெரிதும் நம்பியது டீன் ஐடில்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவின் கதையை. நானும் அங்கேயே வருகிறேன்.

வாஷிங்டன் நகரத்துப் பையன்கள். பாஸ் கிடார் இயன் மெக்காய், டிரம்ஸ் ஜெஃப் நெல்சன், இருவருக்கும் அப்போது 18 வயது. பெரிய கம்பெனி பின்னால் இல்லை, சொந்த வண்டி இல்லை. 1980 ஆகஸ்டில் கிரேஹவுண்ட் என்ற கம்பெனியின் தொலைதூர பஸ் பிடித்து, நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, 4,000 கிலோமீட்டருக்கு மேல் உட்கார்ந்தே போனார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மேடை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மேடை. அந்த இரண்டாவது ஊரில் டெட் கென்னடீஸ் என்ற குழு வாசிக்கும் இரவில் இவர்களுக்கும் இடம் என்று பேச்சு. போய் இறங்கினால், வேறொரு இரவுக்குத் தள்ளிவிட்டார்கள். இரண்டு மேடைக்கும் சேர்த்து முப்பது டாலர்கூடத் தேறவில்லை. "பஸ் டிக்கெட் காசுக்குக் காணுமா?" என்று தோழர் கேட்டதும் அவை கைதட்டியது. காணாதுதான். ஆனால் சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஏறுவதற்கு முன் வாசலில் நடந்ததை அவர் சொல்லவில்லையே!

மபுஹாய் கார்டன்ஸ் என்ற அந்த கிளப்பில் மது விற்பார்கள். கலிபோர்னியாவில் குடிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். வாசிக்க வந்தவர்களே வயது குறைந்தவர்கள் என்று தெரிந்ததும் உள்ளே விட யோசித்தார்கள். கடைசியில் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொருவர் புறங்கையிலும் கறுப்பு மையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்தால் மது கொடுக்கக் கூடாது என்று கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். பாட்டுக் கேட்கத் தடையில்லை.

நடுவர் அவர்களே, இது அந்தப் பையன்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். பிடித்த குழு நம் ஊருக்கு வருகிறது, கையில் டிக்கெட்டுக்குக் காசும் இருக்கிறது, வயதைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த வலி தெரிந்தவன்தான் கையில் போட்ட மையைப் பார்த்து, "இதை நம் ஊரிலும் செய்யலாமே" என்று யோசிப்பான். திரும்பி வந்ததும் 9:30 கிளப் உள்ளிட்ட வாஷிங்டன் கிளப்புகளிடம் இதையே சொன்னார்கள். ஏற்றுக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. வீட்டில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

"வந்த சில மாதத்தில் குழுவே உடைந்ததே" என்பார்கள். ஆமாம், நவம்பரில் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். அதுவரை சேர்ந்த பணம் 600 டாலர் சொச்சம், ஒரு சுருட்டுப் பெட்டியில் இருந்தது. பங்கு போட்டிருக்கலாம். போடவில்லை. எட்டுப் பாட்டு கொண்ட ஏழு அங்குல இசைத்தட்டு 1,000 பிரதி அடித்தார்கள். உறை செய்ய ஆளில்லை என்பதால் வேறொரு இசைத்தட்டின் உறையைப் பிரித்து, அதன் வடிவத்தை வரைந்துகொண்டு, அச்சடித்த தாளைக் கத்தரியால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். ஒவ்வொன்றாக! அட்டையில் முகம் கிடையாது. குறுக்காக மடித்த இரண்டு கைகள், இயனின் தம்பி அலெக்குடையவை. புறங்கைகளில் அதே கறுப்புக் குறி.

அந்தத் தட்டோடு பிறந்ததுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம். இன்றும் இருக்கிறது. அந்தக் குறி, போதை வேண்டாம் என்று முடிவெடுத்த இளைஞர்களின் அடையாளமாக உலகம் முழுக்கப் பரவியது. அப்புறம் இயன் ஃபுகாசி என்ற குழுவில் பாடினார். அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு வயது வரம்பு கூடாது, டிக்கெட் 5 டாலர் அளவில்தான் இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக நின்றார். அந்த 18 வயதுப் பையனை வாசலில் நிறுத்தியதை அவர் மறக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

எதிரணி வரவு என்று எழுதியது அந்த முப்பது டாலரை மட்டுமே. அது போதாது என்று சொல்லி, எங்கள் பக்கமே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.