குவாண்டம் புள்ளிக்கு நிறம் தருவது அளவு, வெளிச்சம் தருவது மேற்பரப்பு

[திரையில்: இருட்டறை. மேசைமேல் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், எல்லாவற்றிலும் தெளிந்த திரவம். கீழிருந்து புற ஊதா விளக்கு போடப்படுகிறது. நீலப்பச்சை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

வணக்கம். இந்தக் குப்பிகளில் சாயம் எதுவும் இல்லை. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே பொருள், காட்மியம் செலினைடு. அதன் மிகச் சிறிய படிகங்கள் திரவத்தில் கூழ்மமாக மிதக்கின்றன. இந்தப் படிகங்களைத்தான் குவாண்டம் புள்ளிகள் என்கிறோம். நீலப்பச்சைக் குப்பியில் படிகத்தின் விட்டம் சுமார் 2 நானோமீட்டர், சிவப்புக் குப்பியில் சுமார் 6. வேறு வித்தியாசம் கிடையாது.

2023-இல் இதற்கு வேதியியல் நோபல் கிடைத்ததிலிருந்து இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். "அளவு மாறினால் நிறம் மாறும்" என்று சொல்லிப் பெரும்பாலும் அதோடு முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. எந்த நிறம் என்பதை அளவு சொல்லும். வெளிச்சம் வருமா, வராதா என்பது படிகத்தின் மேற்பரப்பைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் சுவாரசியமான பாதி அதுதான். முதலில் நிறத்தைப் பார்த்துவிட்டு அங்கே போவோம்.

[திரையில்: இரண்டு கிடைக்கோடுகள். கீழே இணைதிறன் பட்டை, மேலே கடத்துப் பட்டை.]

காட்மியம் செலினைடு ஒரு குறைக்கடத்தி, அதாவது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்துக்கும் கடத்தாத பொருளுக்கும் நடுவில் நிற்பது. குறைக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் பட்டைகள் இரண்டு. கீழே இருக்கும் இணைதிறன் பட்டை நிரம்பியிருக்கும். மேலே இருக்கும் கடத்துப் பட்டை ஏறக்குறையக் காலி. நடுவில் எலக்ட்ரான் நிற்கவே முடியாத ஆற்றல் இடைவெளி. போதுமான ஆற்றலோடு ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், வந்தால், கீழே இருக்கும் எலக்ட்ரான் மேலே தாவும். அது விட்டுப்போன இடம் நேர்மின்சுமை கொண்ட துகளைப்போல நடந்துகொள்ளும். அதைத் துளை என்கிறோம். எலக்ட்ரான் திரும்ப இறங்கித் துளையோடு சேரும்போது, இடைவெளிக்குச் சமமான ஆற்றல் ஃபோட்டானாக வெளியே வரும்.

காட்மியம் செலினைடு பெரிய கட்டியாக இருக்கும்போது இந்த இடைவெளி 1.74 எலக்ட்ரான்வோல்ட் (இது ஆற்றலை அளக்கும் ஓர் அலகு). 1240-ஐ இதால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் வந்துவிடும், சுமார் 713. கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் கடைசி ஓரம். அப்படியானால் பச்சை எங்கிருந்து வருகிறது?

எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்க்கும். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானும் புரோட்டானும் இருப்பதுபோல இவை ஜோடியாக இருக்கும். இந்த ஜோடிக்கு எக்ஸிடான் என்று பெயர். அதற்கென்று இயல்பான ஓர் ஆரம் உண்டு, காட்மியம் செலினைடில் 5 முதல் 6 நானோமீட்டர். நம் படிகத்தின் ஆரமோ 1 முதல் 3. அதாவது, இந்த ஜோடி சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் இடம்கூடப் படிகத்துக்குள் இல்லை.

[திரையில்: வீணைத் தந்தி. விரல் மெட்டுமேல் நகர நகரச் சுருதி ஏறுகிறது.]

எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும். வீணையில் தந்தி அதிரும் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறுவதுபோல, படிகத்துக்குள் அடைபட்ட அலைக்கு இடம் குறையக் குறைய ஆற்றல் ஏறும். அதுவும் ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஏறும், ஆரம் பாதியானால் இந்தக் கூடுதல் ஆற்றல் நான்கு மடங்கு. ஜோடிக்குள் இருக்கும் ஈர்ப்பு, இந்த ஆற்றலைக் கொஞ்சம் குறைக்கப் பார்க்கும். ஆனால் அது ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் மட்டுமே வளர்வதால் சிறிய படிகத்தில் தோற்றுவிடும். லூயி புரூஸ் 1984-இல் எழுதிய சமன்பாட்டின் சாரம் இவ்வளவுதான். மிகச் சிறிய படிகங்களுக்கு அது ஆற்றலைக் கூட்டித்தான் சொல்லும், ஆனாலும் போக்கு சரி. படிகம் சிறிதாக ஆக, இந்தக் கூடுதல் ஆற்றல் இடைவெளியோடு சேர்ந்து ஒளியைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு நகர்த்துகிறது.

பெல் ஆய்வகத்தில் புரூஸ் காட்மியம் சல்பைடுத் துகள்களைத் தயாரித்து மேசையில் வைத்திருந்தார். நாளாக ஆகத் துகள்கள் பெருத்தன, அவை உறிஞ்சும் ஒளியும் மாறிப்போனது. அதற்குச் சற்று முன்பே லெனின்கிராட்டில் அலெக்சி எகிமோவ், தாமிரக் குளோரைடு கலந்த கண்ணாடியில் இதே விளைவைப் பார்த்துவிட்டார். கண்ணாடியை எவ்வளவு சூட்டில், எத்தனை மணி நேரம் வைத்தார் என்பதைப் பொறுத்து உள்ளே வளர்ந்த துகளின் அளவு மாறியது. ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது.

[திரையில்: சிவப்புக் குப்பிமேல் ஊதா, நீலம், பச்சை லேசர்கள் மாறி மாறி விழுகின்றன. ஒவ்வொரு முறையும் அதே சிவப்பு.]

இப்போது ஒரு சோதனை. சிவப்புக் குப்பிக்கு ஊதா ஒளியைக் கொடுத்தாலும், நீலத்தைக் கொடுத்தாலும், பச்சையைக் கொடுத்தாலும் திரும்பி வருவது அதே சிவப்புதான். கூடுதல் ஆற்றல் கொடுத்தால் எலக்ட்ரான் பட்டைக்குள் இன்னும் மேலே போய் விழுகிறது, அவ்வளவே. அங்கே அது தங்குவதில்லை. மிச்ச ஆற்றலைப் படிகத்தின் அதிர்வுகளுக்கு, அதாவது வெப்பமாக, கொடுத்துவிட்டுச் சுமார் ஒரு பிக்கோ விநாடிக்குள் (விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பட்டையின் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். ஒளி கிளம்புவது அங்கிருந்துதான். பச்சைக் குப்பிமேல் சாதாரணச் சிவப்பு லேசரை அடித்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. தாவுவதற்கு வேண்டிய ஆற்றல் அந்த ஃபோட்டானிடம் இல்லை.

சரி, எலக்ட்ரான் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. உடனே ஒளி வருமா? வராது. அறை வெப்பநிலையில் சராசரியாக 20 நானோ விநாடி காத்திருக்கும். இறங்க எடுத்த நேரத்தைப்போல இருபதாயிரம் மடங்கு.

ஏன் இவ்வளவு தாமதம்? எக்ஸிடானின் ஆகக் கீழான நிலை இருண்ட நிலை. அந்த நிலையின் கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு, 2, ஒரு ஃபோட்டான் எடுத்துப் போகக்கூடியது 1. கணக்கு இடிப்பதால் அங்கிருந்து நேராக ஒளி வருவது மிக அரிது. அதற்குச் சற்று மேலே ஒளிரும் நிலைகள் இருக்கின்றன. அறை வெப்பநிலையில் இருக்கும் வெப்ப ஆற்றலே எக்ஸிடானை அங்கே தூக்கிவிடப் போதும். அதே குப்பியைத் திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனால் தூக்கிவிட ஆள் இல்லை. காத்திருக்கும் நேரம் நானோ விநாடிகளிலிருந்து மைக்ரோ விநாடிகளுக்கு நீண்டுவிடும்.

அந்த 20 நானோ விநாடிக்குள்தான் ஆபத்து. இனிதான் மேற்பரப்பு வருகிறது.

[திரையில்: படிகத்தின் உருப்பெருக்கிய மாதிரி. உள்ளே இருக்கும் அணுக்கள் சாம்பல் நிறம், மேற்பரப்பு அணுக்கள் மஞ்சள்.]

4 நானோமீட்டர் விட்டமுள்ள படிகத்தில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் அணுக்கள். 3 நானோமீட்டரில் ஏறக்குறையப் பாதி அணுக்கள் மேற்பரப்பில் இருக்கும். உள்ளே இருக்கும் அணுவுக்கு நான்கு பக்கமும் பிணைப்பு உண்டு. ஓரத்து அணுவுக்கு ஒன்றிரண்டு பிணைப்புகள் வெளியே நீட்டிக்கொண்டு, ஜோடி இல்லாமல் நிற்கும். இவை ஆற்றல் இடைவெளிக்கு நடுவில், இருக்கக்கூடாத இடத்தில், நிலைகளை உண்டாக்குகின்றன. எலக்ட்ரானோ துளையோ அதில் ஒன்றில் சிக்கினால், பெரும்பாலும் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். சில சமயம் மங்கலான, அகலமான, சிவப்புப் பக்கம் தள்ளிய ஒளி வரும். சிக்குவதற்குப் பிக்கோ விநாடிகள் போதும், ஒளிரவோ 20 நானோ விநாடி வேண்டும். பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஆரம்பகாலத் துகள்கள் மங்கலாக இருந்தன. பெரிய திருப்பம் 1993-இல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மௌங்கி பவெண்டி, கிறிஸ்டோஃபர் மர்ரே, டேவிட் நோரிஸ் மூவரும் சூடான திரவத்துக்குள் ஊசியால் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

[திரையில்: மூன்று கழுத்துக் குடுவை, காந்தக் கலக்கி, வெப்பமானி. ஆர்கான் வாயு குழாய் வழியாக வருகிறது.]

இதை நிதானமாகப் பார்ப்போம். குடுவையில் டிரைஆக்டைல்ஃபாஸ்ஃபீன் ஆக்சைடு, 300 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கிக்கொண்டிருக்கிறது. காட்மியமும் செலினியமும் சேர்ந்த கரைசலை ஊசியில் எடுத்து ஒரே அழுத்தில் உள்ளே பாய்ச்ச வேண்டும். மெதுவாகச் செலுத்தினால் காரியம் கெட்டது. அந்தக் கணத்தில் கோடானுகோடி விதைப் படிகங்கள் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. குளிர்ந்த கரைசல் விழுந்ததால் வெப்பநிலை 180 அளவுக்குச் சரிகிறது, புது விதை பிறப்பது நின்றுவிடுகிறது. பிறகு 230-க்கு மேல் மெல்லச் சூடேற்றினால், இருக்கும் விதைகள் மட்டும் சேர்ந்தாற்போல் வளரும். நிறமற்ற திரவம் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவப்பாவது கண்ணெதிரே தெரியும். அவ்வப்போது ஊசியில் கொஞ்சம் எடுத்து நிறமாலைமானியில் பார்த்து, வேண்டிய இடத்தில் சூட்டை நிறுத்த வேண்டியதுதான்.

எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்ததால் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நிறம் தூய்மையாகத் தெரிவதற்குக் காரணம் இது. அளவு பலவிதமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் ஒளிர்ந்து எல்லாம் கலங்கிவிடும்.

குடுவையில் இருக்கும் பாஸ்ஃபீன் ஆக்சைடு வெறும் கரைப்பான் இல்லை. அந்த மூலக்கூறின் ஒரு முனை மேற்பரப்பு அணுவைப் பிடித்துக்கொள்கிறது, நீண்ட வால்கள் வெளியே நீட்டிக்கொண்டு படிகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன. தனித்து நின்ற பிணைப்புகளில் பலவற்றுக்கு இதனால் ஜோடி கிடைத்துவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் கிடைக்காது. மூலக்கூறுகள் பருமனானவை, நெருக்கமாக அடுக்க இடமில்லை. பிடியும் அவ்வளவு உறுதி இல்லை. தயாரித்த துகள்களை மெத்தனால் ஊற்றிப் படியவைத்துக் கழுவுவது வழக்கம். அளவுக்கு மேல் கழுவினால் இந்த மூலக்கூறுகளும் சேர்ந்து போய்விடும். நிறம் மாறாது, படிகம் அப்படியே இருக்கும், ஒளிர்வு மட்டும் மங்கிவிடும். அளவுக்கும் மேற்பரப்புக்கும் வேலை வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மூலக்கூறு போதாது என்றால் இன்னொரு குறைக்கடத்தியையே மேலே ஓடாகப் போர்த்தலாம். 1996-இல் மார்கரெட் ஹைன்ஸும் ஃபிலிப் கியோ-சியோனெஸ்டும் காட்மியம் செலினைடின்மேல் துத்தநாக சல்பைடு ஓட்டை வளர்த்தார்கள். ஓட்டின் ஆற்றல் இடைவெளி பெரியது, அதனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானும் துளையும் எளிதில் வெளியே வர முடியாது. மேற்பரப்புக் குறைகள் ஓட்டின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். உறிஞ்சிய ஃபோட்டான்களில் சுமார் பாதி ஒளியாகத் திரும்பியது. அறை வெப்பநிலையில் அது அன்றைக்குப் பெரிய எண்.

இந்த இடத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற வேறொரு படிக அமைப்பு கொண்ட படிகங்களைச் சொல்லாமல் போக முடியாது. 2015-இல் சூரிச்சில் மக்சிம் கோவலென்கோ குழு தயாரித்த சீசியம் ஈய ஹாலைடு நானோபடிகங்கள் ஓடே இல்லாமல் பிரகாசமாக ஒளிர்ந்தன. அவற்றில் உண்டாகும் குறைகள் பெரும்பாலும் இடைவெளியின் நடுவில் வந்து உட்காருவதில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் சிதைந்துவிடும். அந்தப் பலவீனம் பெரிய தலைவலி.

[திரையில்: நுண்ணோக்கிப் படம். கறுப்புப் பின்னணியில் தனித்தனிப் புள்ளிகள் அணைந்து அணைந்து எரிகின்றன.]

நல்ல ஓடு போட்டாலும் ஒரு விநோதம் மிச்சம். ஒற்றைப் படிகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அது நிலையாக ஒளிராது, சிமிட்டும். சில மில்லி விநாடி அணையும், சில நேரம் பல விநாடிகள் இருண்டே கிடக்கும். பவெண்டியும் புரூஸும் இருந்த குழு இதை 1996-இல் வெளியிட்டது. குப்பியில் கோடிக்கணக்கான படிகங்கள் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பலரும் சொல்லும் விளக்கம் ஓஜே மறுசேர்க்கை. படிகத்திலிருந்து ஒரு எலக்ட்ரான் வெளியே போய் மேற்பரப்பில் சிக்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கூடுதலாக ஒரு துளை. அடுத்து ஒரு ஜோடி உருவாகும்போது, அதன் ஆற்றல் ஃபோட்டானாக வராமல் இந்த மூன்றாவது ஆளிடம் போய்ச் சேரும். படிகம் சிறியது, எல்லாரும் நெருக்கியடித்து இருப்பதால் இது படு வேகமாக நடக்கும், ஒளி முந்திக்கொள்ள வழியில்லை. 2008-இல் பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளாகக் காட்மியம் சல்பைடு ஓடு போட்டபோது சிமிட்டல் வெகுவாகக் குறைந்தது.

[திரையில்: தொலைக்காட்சித் திரையின் குறுக்குவெட்டு.]

அப்புறம் தொலைக்காட்சி. கடைகளில் குவாண்டம் புள்ளி என்று விற்கும் பல பெட்டிகளில் புள்ளிகளுக்கு மின்சாரமே போவதில்லை. பின்னால் நீல எல்.இ.டி, அதன் முன் பச்சை, சிவப்புப் புள்ளிகள் பதித்த படலம், அதற்கு முன் வழக்கமான எல்.சி.டி. புள்ளிகள் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் சிவப்பாகவும் திருப்பித் தருகின்றன. நாம் குப்பியில் பார்த்ததேதான்.

காட்மியம் நஞ்சு என்பதால் ஐரோப்பிய விதிகளில் 0.01 சதவீதத்துக்கு மேல் கூடாது. மாற்றாக வந்த இண்டியம் ஃபாஸ்பைடின் மேற்பரப்பு எளிதில் ஆக்சைடாகிவிடும், அந்த ஆக்சைடு எலக்ட்ரானையும் துளையையும் மறுபடியும் சிக்கவைக்கும். 2019-இல் சாம்சங் ஆய்வாளர்கள் ஓடு வளர்க்கத் தொடங்கும்போதே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் ஆக்சைடை அரித்து எடுத்தார்கள். சிவப்பில் விளைச்சல், அதாவது உறிஞ்சிய ஃபோட்டான்களில் ஒளியாகத் திரும்பும் பங்கு, கிட்டத்தட்ட 100 சதவீதம்.

மின்சாரத்தையே நேராகப் புள்ளிக்குள் செலுத்தி ஒளிரவைப்பதுதான் அடுத்த இலக்கு. சிவப்பும் பச்சையும் நன்றாக வந்துவிட்டன. நீலம்தான் பின்தங்கி நிற்கிறது. எலக்ட்ரான்கள் சுலபமாக உள்ளே போகும், துளைகள் தயங்கும். புள்ளிகளில் மின்சுமை தேங்கினால் சற்றுமுன் சொன்ன ஓஜே அங்கேயும் வந்துவிடும். நீலத்தின் ஆற்றல் அதிகம், ஓடும் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளும் சீக்கிரம் கெடுகின்றன. சிவப்பு தாங்கும் நேரத்துக்கு நீலப் புள்ளிகள் இன்னும் தாங்குவதில்லை.