மூன்று முறை மணமுடித்த திருமண எதிர்ப்பாளன்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

"ஷெல்லி மன்னிக்கப்பட வேண்டியவனா, விசாரிக்கப்பட வேண்டியவனா?" என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். விசாரிக்கத்தான் வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன். தொடங்குமுன் ஒரு வார்த்தை. பெரிய கவிஞனை உரிமையோடு 'அவன்' என்பது நம் பழக்கம். கம்பன், பாரதி என்று சொல்லும் அதே உரிமையில் ஆங்கிலக் கவிஞன் ஷெல்லியையும் 'அவன்' என்றே சொல்லப்போகிறேன். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மரியாதைக் குறைவான செய்திகள் இனிமேல்தான் வருகின்றன.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். 1819-இல் மான்செஸ்டரில் உரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்ததையும், இத்தாலியில் இருந்த ஷெல்லி செய்தி கேட்டுக் கொதித்து, "நீங்கள் பலர், அவர்கள் சிலர்" என்று எழுதியதையும் சொன்னார். மார்லோ ஊரில் லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகளுக்குப் போர்வை கொடுத்ததைச் சொன்னார். நம் பாரதியே 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டதைச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் பாரதி தாசனானது அந்தக் கவிதைக்கு. ஷெல்லியின் வீட்டுக் கணக்கைத் தணிக்கை செய்து அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கணக்கைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன்.

1811, மார்ச் மாதம். நாத்திகத்தின் தேவை பற்றி ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, அது குறித்துக் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் ஷெல்லி ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்படுகிறான். வயது 18. அதுவரை எனக்கும் அவன் வீரன்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாரியட் வெஸ்ட்புரூக் என்ற 16 வயதுப் பெண்ணோடு எடின்பரோவுக்கு ஓடிப்போய் மணமுடிக்கிறான். இரண்டே ஆண்டில் 'குயின் மாப்' என்ற நெடுங்கவிதை அச்சாகிறது. அதன் குறிப்புகளில் திருமணத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறான். அன்பு இருக்கும்வரைதான் உறவு, அது போனபின்னும் இருவரைக் கட்டிவைக்கும் சட்டம் கொடுங்கோன்மை என்பது அவன் கட்சி.

இருக்கட்டும். கொள்கை என்று ஒன்று ஒருவனுக்கு இருக்கலாம். 1814 மார்ச்சில் இந்தக் கொள்கைவாதி என்ன செய்தான் தெரியுமா? அதே ஹாரியட்டை லண்டன் தேவாலயத்தில் இரண்டாம் முறை மணந்தான். ஸ்காட்லாந்தில் நடந்த திருமணம் சட்டப்படி செல்லுமா என்ற ஐயத்தைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு. சொத்துள்ள குடும்பம், பிறக்கும் பிள்ளைக்கு வாரிசுரிமை வேண்டுமே. நான்கு மாதம் கழித்து ஜூலை 28 அன்று, தத்துவவாதி வில்லியம் காட்வினின் 16 வயது மகள் மேரியோடு பிரான்சுக்குக் கிளம்பிவிட்டான். மேரியின் மாற்றாந்தாய் மகள் கிளேரும் உடன் போனாள். ஹாரியட் அப்போது இரண்டாம் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

போகிற வழியில் பிரான்சின் துருவா நகரிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். நீயும் சுவிட்சர்லாந்துக்கு வந்துவிடு, எங்களோடு இருக்கலாம், ஓர் உறுதியான நண்பனாவது உனக்கு இருப்பான் என்று. நடுவர் அவர்களே, நம் ஊரில் இப்படி ஒரு கடிதம் வந்தால் அந்தப் பெண்ணின் அண்ணன்மார் என்ன செய்வார்கள் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அதைவிட வியப்பு, கடிதத்தில் கபடமே இல்லை. மனமார எழுதியிருக்கிறான்! தன் கொள்கைப்படி எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கலாம் என்றே நம்பினான்.

எதிரணியில் பேசிய அம்மையார், "அந்தக் காலம் அப்படி, இன்றைய அளவுகோலை எடுத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள்" என்றார். அம்மையாரே, இன்றைய அளவுகோல் எனக்கு வேண்டாம். ஷெல்லி கையில் இருந்த அளவுகோலே போதும். அன்றைய இங்கிலாந்தில் கணவனைப் பிரிந்த மனைவிக்குச் சொத்து இல்லை. பிள்ளைகள் சட்டப்படி தகப்பனுக்கே. மணவிலக்கு வேண்டுமானால் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். இது எதுவும் தெரியாத அப்பாவியா அவன்? சட்டத்தின் பிடி எவ்வளவு கெட்டி என்று தெரிந்ததால்தானே இரண்டாம் முறை தேவாலயத்துக்குப் போனான்? தாத்தா இறந்தபின் 1815-இல் அவனுக்கு ஆண்டுக்கு 1,000 பவுன் என்று ஏற்பாடாயிற்று. அதில் 200 பவுனை ஹாரியட்டுக்கு ஒதுக்கினான். ஒதுக்கியதை மறைக்க மாட்டேன். ஆனால் கணவன் உயிரோடு இருக்க, மறுமணத்துக்கு வழியில்லாமல், இரண்டு கைக்குழந்தைகளோடு தகப்பன் வீட்டில் இருப்பவளின் சுதந்திரமும், ஆயிரம் பவுன்காரனின் சுதந்திரமும் ஒன்றா? விருந்துக்கு அழைத்தவன் அவன்; இலைக்குப் பணம் கட்டியவள் அவள்.

முதலில் பணம் கட்டியவளும் ஹாரியட் இல்லை. எலிசபெத் ஹிட்சனர் என்று ஒரு பள்ளி ஆசிரியை. சொந்த உழைப்பில் பள்ளி நடத்தியவள். "என் ஆன்மாவின் சகோதரி" என்று கடிதம் கடிதமாக எழுதி, 1812-இல் பள்ளியை விட்டுவிட்டுத் தங்களோடு வந்து வாழச் செய்தான். வந்து சில மாதங்களில் சலித்துப்போயிற்று. ஆன்மாவின் சகோதரி 'பழுப்புப் பிசாசு' ஆகிவிட்டாள். எங்கள் அவசரத்தால் அவள் தன் பிழைப்பை இழந்தாள் என்று அவனே நண்பனுக்கு எழுதியிருக்கிறான். ஈடாக ஆண்டுதோறும் பணம் தருவதாகச் சொன்னான், அதுவும் மனக்கசப்போடு.

ஹாரியட்டுக்கு வருகிறேன். 1816-இன் கடைசியில் அவள் தகப்பன் வீட்டையும் விட்டு வெளியேறி, வேறு பெயரில் தனி அறையில் தங்கியிருந்தாள். டிசம்பர் 10 அன்று லண்டன் ஹைடு பார்க்கில் உள்ள செர்பென்டைன் ஏரியிலிருந்து அவள் உடல் எடுக்கப்பட்டது. வயது 21. மீண்டும் கருவுற்றிருந்தாள். விசாரணைப் பதிவில் 'ஹாரியட் ஸ்மித்' என்று எழுதினார்கள். இரண்டு முறை தாலி கட்டியவனின் பெயர் - தாலி என்று என் வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது, மோதிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள் - அந்தப் பதிவில் இல்லை.

செய்தி ஷெல்லிக்கு 15-ஆம் தேதி கிடைத்தது. மறுநாள் மேரிக்கு எழுதிய கடிதத்தில் ஹாரியட்டின் அக்காள்மேல் பழியைப் போட்டான். 30-ஆம் தேதி மேரியைத் தேவாலயத்தில் மணந்தான். பதினைந்து நாள்! ஹாரியட்டின் பிள்ளைகளை நீதிமன்றத்தில் கேட்க வேண்டுமென்றால் முறையான மனைவி இருப்பது நல்லது. கணக்கைப் பாருங்கள்: திருமணத்தைக் கொடுங்கோன்மை என்றவன் மூன்று முறை மணமுடித்திருக்கிறான். சட்டம் தனக்கு உதவும்போதெல்லாம் அதன் வாசலில் நின்றான். அது ஹாரியட்டுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே ஒரு முறை, கொள்கை குறுக்கே வந்துவிட்டது.

"பிறரைத் துன்புறுத்த எண்ணியவன் அல்ல" என்றார் எதிரணித் தம்பி. சரி தம்பி, 1818-க்கு வாருங்கள். கிளேருக்கு ஆங்கிலக் கவிஞன் பைரனிடம் பிறந்த மகள் அல்லெக்ரா வெனிஸில் இருக்கிறாள். அவளைப் பார்க்கத் தவித்த தாய்க்காக ஷெல்லி பைரனிடம் போய்ப் பேசினான். நல்ல மனசு. பேச்சு சுமுகமாக முடிய ஒரு சின்னப் பொய்யும் சொன்னான்: மேரியும் பிள்ளைகளும் பக்கத்தில் பதுவாவில்தான் இருக்கிறார்கள் என்று. பைரன் தன் எஸ்தே வீட்டைத் தங்கக் கொடுத்தான். பொய்யை மெய்யாக்க வேண்டுமே! பாக்னி தி லூக்காவில் இருந்த மேரிக்கு, உடனே கிளம்பி வா என்று அவசரக் கடிதம். கோடை வெயிலில் பிள்ளைகளோடு அவள் நாள்கணக்கில் வண்டியில் வந்தாள். வழியில் மகள் கிளாராவுக்கு உடல்நிலை கெட்டது. செப்டம்பர் 24 அன்று, ஒரு வயது நிறைந்த சில வாரங்களில், வெனிஸில் அந்தக் குழந்தை இறந்தது. ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்கக் கிளம்பியவன்தான் அவன். எண்ணத்தில் என்ன குறை? யாரைக் கேட்டுக் கிளம்பினான் என்பதுதான் என் கேள்வி.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒரு நிமிடம்.

அவனை ஏற்கெனவே விசாரித்துவிட்டார்களே என்று நீங்கள் கேட்கலாம். 1817 மார்ச்சில் நீதிபதி எல்டன் பிரபு, ஹாரியட்டின் இரு பிள்ளைகளையும் ஷெல்லியிடம் ஒப்படைக்க மறுத்தார். ஆனால் அந்த வழக்கில் சான்றாக வந்து நின்றது 'குயின் மாப்' கவிதை. அவன் நாத்திகத்தையும் கருத்துகளையும், அவை அவனைக் கொண்டுசேர்த்த நடத்தையையும் கூண்டில் ஏற்றினார்கள். ஏற்ற வேண்டியது அந்தத் துருவா கடிதத்தை! தவறான குற்றச்சாட்டில் தண்டித்ததால், அவன் கருத்துக்காகத் துன்பப்பட்டவன் என்ற பெயரை அவனுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டார்கள்.

எதிரணி கேட்கும் மன்னிப்புக்கு வருகிறேன். ஹாரியட் கடைசியாக எழுதிய கடிதத்தில் ஷெல்லிக்கும் சில வரிகள் உண்டு. மகள் அயாந்தியை என் அக்காளிடமே விட்டுவிடுங்கள் என்று கேட்கிறாள். நீங்கள் என்னை விட்டுப் போகாதிருந்தால் நான் வாழ்ந்திருப்பேன், ஆனாலும் மனமார மன்னிக்கிறேன் என்கிறாள். ஆக, மன்னிக்க உரிமை உள்ளவள் 1816-இலேயே மன்னித்துவிட்டாள். எதிரணியினர் கேட்டது கொடுத்தாகிவிட்டது. இந்த மேடையில் அவர்களுக்கு வேலை முடிந்தது. மகளை அக்காளிடம் விடுங்கள் என்று அவள் கேட்டதை மட்டும் அவன் செய்யவில்லை. பிள்ளைகளைக் கேட்டு வழக்காடினான். விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.