சொருக முடிகிற கார்டெல்லாம் சேருகிற கார்டு அல்ல

வணக்கம் நேயர்களே. கேம் கன்சோலுக்கு மெமரி கார்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை ஜிபி என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, அந்தக் கன்சோல் எந்த வகைக் கார்டை ஏற்கும் என்பதை.

பிளேஸ்டேஷன் 2 காலத்திலேயே இந்தச் சிக்கல் உண்டு. முதல் பிளேஸ்டேஷனின் கார்டு அதில் கச்சிதமாக உட்காரும், ஆனால் பிஎஸ்2 விளையாட்டை அதில் சேவ் செய்ய முடியாது. இன்றைக்கும் அதே கதைதான். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டை 2 டிபி வரை ஏற்கும். 2025இல் வந்த ஸ்விட்ச் 2க்கோ மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்கிற, இன்னும் வேகமான புது வகைக் கார்டு வேண்டும். பழைய கார்டைப் போட்டால் அதிலுள்ள படங்களையும் வீடியோக்களையும் எடுத்துக்கொள்ளலாம், விளையாட்டை ஏற்ற முடியாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம் என்பதால்தான் இவ்வளவு பேர் ஏமாறுகிறார்கள். கார்டைத் திருப்பிப் பாருங்கள். சாதாரணக் கார்டில் தங்க நிறப் பட்டைகள் ஒரே வரிசையாக இருக்கும், எக்ஸ்பிரஸில் இரண்டு வரிசை. ஆனால் யுஎச்எஸ் இரண்டாம் வகை (UHS-II) என்கிற வேறொரு வேகமான மைக்ரோ எஸ்டி கார்டுக்கும் இரண்டு வரிசைதான், அதனால் முன்பக்கம் எக்ஸ்பிரஸ் குறியீடு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்புறம் போலிக் கார்டு. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. என் அண்ணன் மகனின் ஸ்விட்சுக்கு 512 ஜிபி என்று ஒன்று வாங்கிக் கொடுத்தேன், கன்சோலும் 512 என்றே காட்டியது, முதல் இரண்டு விளையாட்டும் நன்றாக ஓடின, மூன்றாவதை ஏற்றிய பிறகு முதலாவது திறக்கவே இல்லை. உண்மையில் உள்ளே இருந்த இடம் அதைவிட மிகவும் குறைவு, நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஸ்விட்சில் சேவ் கோப்புகள் கார்டில் இல்லாமல் கருவிக்குள்ளேயே இருப்பதால் பையன் தாண்டிய கட்டங்கள் தப்பின, இல்லையென்றால் அவன் முகத்தை என்னால் பார்த்திருக்க முடியாது.

கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கிற எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். புதுக் கார்டைக் கன்சோலில் போடுவதற்கு முன்பே கணினியில் இதைச் செய்துவிடுங்கள், முடிகிற வரை கார்டு வந்த உறையையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள், திருப்பிக் கொடுக்க அவை வேண்டும்.