ஆறு வார் ஆழத்தில் தண்ணீர்

(ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நான் 33 ஆண்டுகள் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். ஒவ்வோர் ஆண்டும் நமீப் பாலைவனத்துக்கு வகுப்பில் ஒரே ஒரு வரி ஒதுக்குவேன். "ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரை, குளிர் நீரோட்டத்தால் உண்டானது." பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த ஒரு வரியை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. சென்ற ஆண்டு ஜூலையில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் தொடங்கி, போட்ஸ்வானாவின் மவுன் நகரம் வரை, 17 நாள் தரைவழியாகப் போய் வந்தேன்.

எங்கள் வண்டி லாரிச் சட்டத்தின்மேல் இருக்கைகள் பொருத்தியது. பயணிகள் 12 பேர், ஓட்டுநர் ஒருவர், வழிகாட்டி ஒருவர். கூடாரம் அடிப்பது, வெங்காயம் உரிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் முறை வைத்து நாங்களே. முதல் நாள் மாலை வழிகாட்டி எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். சிங்கத்தைப் பற்றியோ பாம்பைப் பற்றியோ சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் வண்டியின் பக்கவாட்டில் இருந்த குழாயைத் தொட்டுக் காட்டினார். "குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் இதுதான். அடுத்து நிரப்பும் இடம் வரும்வரை நமக்கு ஆறும் இதுதான், குளமும் இதுதான்" என்றார்.

கழுவிய தட்டைத் துணியால் துடைக்கக் கூடாது. துணியைத் துவைக்கத் தண்ணீர் வேண்டுமே! தட்டைக் கையில் பிடித்து விசிறிபோல் வீசி உலர்த்த வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் பல நாட்டுக்காரர்கள் வட்டமாக நின்று தட்டை வீசிக்கொண்டிருப்போம். மூன்றாம் நாளே என் கை தானாக அதற்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் எனக்கு அந்த நிலத்தைப் படிக்கும் கண்ணைக் கொடுத்தது. அதன் பிறகு எதைப் பார்த்தாலும் 'இது எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது?' என்றுதான் கேட்டேன். இன்று உங்களிடம் சொல்ல வந்திருப்பதும் அதைத்தான்.

விண்ட்ஹூக்கிலிருந்தே தொடங்கலாம். அந்த ஊருக்கு நாமா மக்கள் வைத்த பெயருக்கு வெந்நீர் ஊற்று என்று பொருள். இன்று அந்த ஊற்றுகளை நம்பி ஒரு தலைநகரம் வாழ முடியாது. பக்கத்தில் வற்றாத ஆறும் கிடையாது. அதனால் 1968 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து, நேரே குடிநீர்க் குழாயில் கலந்து கொடுக்கிறார்கள். உலகில் இதை முதலில் செய்த நகரம் அது. நானும் அந்த நீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

அங்கிருந்து தென்மேற்கே சரளைச் சாலை. மலை இறங்கியதும் நமீப். நம் பாலை என்பது கோடையில் வறண்டுபோன காடு. மழை பெய்தால் தளிர்த்துவிடும். நமீப் அப்படி அல்ல. குறைந்தது ஐந்தரைக் கோடி ஆண்டுகளாக அங்கே வறட்சிதான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணிப்பு. பெங்குவேலா என்ற குளிர் நீரோட்டம் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. அதன்மேல் தவழும் காற்று குளிர்ந்து கனத்துவிடும். காற்று மேலே ஏறினால்தானே மேகம் திரண்டு மழையாகும்? ஏற முடியாத அந்தக் காற்று மூடுபனியாகத்தான் கரைக்குள் நுழைகிறது. கரையோரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. ஒரு விரலின் நுனிக் கணு அளவு, அவ்வளவுதான்.

நான் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம், தேரிக்காட்டு ஓரம். செம்மணல் எனக்குப் புதிதில்லை. எங்கள் தேரியும் சரி, நமீபின் மணற்குன்றுகளும் சரி, மணலில் இரும்புத் துரு ஏறியதால் சிவந்தவை. ஆனால் நமீபில் சோசுஸ்வ்ளே என்ற இடத்தில் 300 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் தேரியை விடியற்காலையில் அண்ணாந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை மணலும் எங்கிருந்து வந்தது? லெசோத்தோ மலைகளில் பிறக்கும் ஆரஞ்சு ஆறு கண்டத்தின் குறுக்கே ஓடி அட்லாண்டிக்கில் விழுகிறது. அது கொண்டுவந்து கொட்டும் மணலைக் கடலோட்டம் வடக்கே தள்ளுகிறது. அலை கரையில் ஒதுக்குகிறது. காற்று அதை அள்ளி உள்நாட்டில் குவிக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த மணற்கடல் ஓர் ஆறு கொடுத்தது! 33 ஆண்டுகள் நான் இதை வகுப்பில் சொல்லவில்லையே என்று அந்த இடத்தில் வருந்தினேன்.

அந்தக் குன்றுகளுக்குப் போகும் வாசல் ஊரின் பெயர் செஸ்ரியம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஆறு தோல்வார்' என்று பொருள். முன்பு மாட்டு வண்டியில் வந்த குடியேறிகள் அங்குள்ள இடுக்குப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் நின்று, ஆறு வார்களை ஒன்றோடொன்று முடிந்து வாளியை இறக்கினால்தான் அடியில் கிடந்த தண்ணீர் எட்டுமாம். எங்கள் ஊரில் கமலை இறைத்த காலத்தில் கிணற்றை 'எட்டுப் பாகம், பத்துப் பாகம்' என்று ஆழம் சொல்லித்தான் பேசுவார்கள். செஸ்ரியத்தில் ஊர்ப் பெயரே அந்த அளவுதான். நாங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்தோம். ஓரிடத்தில் பாறை நிழலில் பச்சையாகக் கொஞ்சம் நீர் தேங்கி நின்றது. அதைச் சுற்றிலும் சிறு குளம்புத் தடங்கள்.

அதே குன்றுகளுக்கு நடுவே இருக்கும் டெட்வ்ளேயின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் களிமண் தரையில் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள். அவை நம் வேலமரத்தின் உறவு. சௌசாப் ஆறு வெள்ளம் கொண்டுவந்த காலத்தில் முளைத்தவை. மணல் நகர்ந்து ஆற்றின் வழியை அடைத்ததும் பட்டுப்போயின. பல நூறு ஆண்டுகள் ஆகியும் விழவில்லை. மக்கிப்போவதற்குக்கூட ஈரம் வேண்டும், அது அங்கே இல்லை. யாரோ ஒருவர் படத்துக்காக ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கியதைப் பார்த்து எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. போகிறவர்கள் தயவுசெய்து தொடாதீர்கள்.

இனி ஒரு வண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கத்துக்கும் யானைக்கும் கொடுக்கும் நேரத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வால்விஸ் வளைகுடாவுக்குத் தெற்கே ஒரு காலை. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டி மணல்மேட்டில் குப்புறப் படுக்கச் சொன்னார். படுத்தேன். முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், மேட்டின் முகட்டில், பெருவிரல் நகம் அளவுள்ள கறுத்த வண்டு. காற்று வரும் பக்கம் பார்த்து நின்று, பின்கால்களை உயர்த்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டது. அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அதன் முதுகில் ஊசிமுனை அளவு முத்துகள் பூத்தன. ஒன்றோடொன்று சேர்ந்தன. கனத்த ஒரு சொட்டு முதுகுச் சரிவில் உருண்டு, தலையைத் தாண்டி வாய்க்கு வந்தது. குடித்தது. மறுபடி அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தது. என் மூக்குக் கண்ணாடியிலும் அதே பனி படிந்திருந்தது. நான் அதைத் துடைத்துவிட்டேன், அது குடித்தது.

நமீபில் உள்ள கோபாபெப் ஆய்வு நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மேரி சீலியும் அவருடைய சக ஆய்வாளர் ஹாமில்டனும் 1976இல் இந்தப் பழக்கத்தை அறிவியல் உலகுக்கு எழுதினார்கள். இன்னொரு வகை வண்டு மணலில் சிறு வரப்பு கட்டி, அந்த வரப்பில் படியும் பனியை உறிஞ்சுகிறது. பாசனம் என்று நாம் சொல்வதற்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்.

ஓரிக்ஸ் மான் வேறு வழியில் பிழைக்கிறது. உச்சிவெயிலில் உடம்பு சூட்டை ஏறவிட்டு, வியர்வையை மிச்சம்பிடிக்கிறது. அங்கிருந்து வடக்கே ட்வைஃபெல்ஃபோன்டெய்ன் என்ற இடத்தின் பாறைகளில் 2,000க்கும் மேற்பட்ட பழங்காலச் செதுக்கல்கள் உண்டு, ஒட்டகச்சிவிங்கியும் காண்டாமிருகமுமாக. அந்த இடத்தின் பெயருக்கு 'சந்தேக ஊற்று' என்று பொருள். தண்ணீர் வரும் என்று நம்ப முடியாத ஊற்று! அங்கே நாங்கள் இருந்தது இரண்டு மணி நேரம்தான்.

எட்டோஷா வனவிலங்குப் பூங்காவில் ஒகாகுயேயோ முகாமில் தங்கினோம். முகாமின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த கல்சுவர், அதற்கப்பால் விளக்கொளியில் ஒரு நீர்க்குட்டை. இரவு பத்து மணிக்குமேல் ஒரு யானைக் கூட்டம் குடித்துவிட்டு விலகியது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அதன் பின் ஒரு கறுப்புக் காண்டாமிருகம் தன் கன்றுடன் இருட்டிலிருந்து வந்தது. இரண்டும் குனிந்து உறிஞ்சும் சத்தம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. சுவரோரம் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். ஒருவரும் இருமக்கூட இல்லை. கொம்புக்காக இவற்றைக் கொன்றுவிடுகிறார்கள் என்பதால், 1989இல் கொம்பை முன்கூட்டியே அறுத்துவிடும் முறையை உலகில் முதலில் தொடங்கிய நாடு நமீபியா. உயிரைக் காக்க உறுப்பை வெட்ட வேண்டிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம்.

அடுத்த இரவு வாட்டர்பெர்க். 'நீர் மலை' என்று பொருள். அடிவாரத்தில் ஊற்றுகள் உள்ள செம்பாறை மலை. எங்கள் வழிகாட்டி ஹெரேரோ இனத்தவர். அன்று வழக்கமான பேச்சு அவரிடம் இல்லை. தீ மூட்டிய பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

1904இல் நிலத்தையும் மாடுகளையும் பறிகொடுத்த ஹெரேரோக்கள், அப்போது இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட ஜெர்மானிய ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். ஆகஸ்டில் இந்த மலையடியில் போர் நடந்தது. தோற்றவர்கள் குழந்தை குட்டிகளோடும் மாடுகளோடும் கிழக்கே ஒமாஹெக்கே பாலைக்குள் ஓடினார்கள். படை அவர்களைத் துரத்தியது. நீர்நிலைகளைப் பிடித்துக் காவல் போட்டது. தண்ணீரைத் தேடி வெறுங்கையால் பல ஆள் ஆழம் தோண்டிய குழிகளும், அவற்றைச் சுற்றி எலும்புகளும் பின்னால் கண்டெடுக்கப்பட்டன. அக்டோபர் 2 அன்று தளபதி லோத்தர் ஃபொன் ட்ரோத்தா ஹெரேரோக்களை ஒழிக்கும் ஆணையையே எழுத்தில் பிறப்பித்தார். பிழைத்தவர்களுக்கு வதைமுகாம்கள். 1908க்குள் ஏறக்குறைய 65,000 ஹெரேரோக்களும் 10,000 நாமாக்களும் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இதை இனப்படுகொலை என்று ஜெர்மனி ஒப்புக்கொண்டது 2021இல். தங்களைப் பேச்சுக்கே அழைக்கவில்லை என்று அந்த மக்களின் தலைவர்கள் பலர் அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. 2025 மே 28 அன்றுதான் நமீபியா முதல் தேசிய நினைவு நாளைக் கடைப்பிடித்தது.

வழிகாட்டியின் கொள்ளுப்பாட்டி அந்தப் பாலையைக் கடந்து இன்றைய போட்ஸ்வானாவுக்குள் போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர். "எந்த வழியாகப் போனார், என்ன குடித்தார் என்று அவர் யாரிடமும் சொல்லவே இல்லையாம்" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஜெர்மானியச் சிப்பாய்கள் பெயரோடு வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

இது என் வகுப்பின் ஒரு வரியில் இல்லை. எந்த மாணவருக்கும் நான் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் எப்படி வாழ்வது என்று ஐந்தரைக் கோடி ஆண்டுகளில் வண்டும் மானும் கற்றுக்கொண்டிருக்கின்றன. மனிதன் அதே நிலத்தில், தண்ணீரை மறித்தே ஓர் இனத்தைக் கொல்லலாம் என்று கண்டுகொண்டான். சுற்றுலா போகிறவர்கள் வாட்டர்பெர்க்கில் மலைமேல் ஏறிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது என்பதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தியையும் தவிர்க்க முடியாது. 2024இல் கடும் வறட்சி. மக்களுக்கு இறைச்சி வழங்க 723 காட்டு விலங்குகளைக் கொல்ல நமீபிய அரசு முடிவெடுத்தது. அதில் 83 யானைகள். உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. எனக்கும் நெஞ்சு வலித்தது. ஆனால் அதே நாடுதான் 1996இல் சட்டம் இயற்றி, விலங்குகளால் வரும் வருமானத்தைச் சுற்றியுள்ள கிராமத்தாருக்கே கொடுத்தது. இன்று கிராம மக்களே நடத்தும் 80க்கும் மேற்பட்ட வனவிலங்குக் காப்பகங்கள் அப்படி நடக்கின்றன. யானை வந்து தொட்டியை உடைத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனால், மறுநாள் குடத்தோடு நிற்பவர் அந்தக் கிராமத்துப் பெண். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் சார்பில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாட்டர்பெர்க்கிலிருந்து ஒமாஹெக்கே வழியாகவே கிழக்கே போனோம். இப்போது அங்கே நல்ல தார்ச்சாலை. இருபுறமும் முட்புதர், வெளிறிய புல், வேலி. வழியில் ஒரு கடை வாசலில் ஹெரேரோப் பெண்கள் சிலர் நின்றார்கள். தரையைத் தொடும் பாவாடை, மாட்டுக் கொம்புபோல் இருபுறமும் நீண்ட தலைக்கட்டு. வழிகாட்டி இறங்கிப் போய் அவர்களோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் வண்டியிலேயே காத்திருந்தோம்.

கடைசி இரண்டு நாள் ஒக்கவாங்கோ ஆறு. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பெய்த மழை பல மாதம் நடந்து, போட்ஸ்வானாவில் ஒரு துளி மழையில்லாத காலத்தில் வந்து பரவுகிறது. கடலைக் காணாத ஆறு அது. கலகாரி மணலிலேயே விரிந்து, அங்கேயே காய்ந்துவிடும். அது விரியும் சதுப்புநிலம் 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 1,000ஆவது இடமாகச் சேர்ந்தது. மொகோரோ என்னும் ஒடுங்கிய ஓடத்தில் இருவர் இருவராக உட்கார்ந்தோம். ஓடக்காரர் பின்னால் நின்று கழி ஊன்றினார். நாணலுக்கும் அல்லிக்கும் நடுவே தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. என் மடியில் வழக்கம்போல் அளந்து நிரப்பிய பாட்டில் இருந்தது.

ஓரிடத்தில் அவர் கழியை நிறுத்தினார். குனிந்து உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, நீங்களும் குடியுங்கள் என்று கையைக் காட்டினார். நான் பாட்டிலை ஓடத்தின் அடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது.