6 எம்எம் டேபிள்ல மெஷின் கன், மோர்ட்டார் எல்லாம் எப்படிக் காட்டுறது?

வணக்கம் மக்களே, இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். குட்டி பொம்மைச் சிப்பாய்களை டேபிள்ல வைச்சு ஆடுற வார்கேம் பத்திதான் பேச்சு. இரண்டாம் உலகப்போர், 6 எம்எம் ஸ்கேல் (ஒரு ஆள் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் உயரம், அதாவது சுமார் 1/300), இன்ஃபன்ட்ரி கூடவே போற மெஷின் கன், மோர்ட்டார் (குண்டை உயரமா வளைச்சுப் போடுற குழாய்), டேங்க் எதிர்ப்பு ஆயுதம், இதையெல்லாம் டேபிள்ல எப்படிக் காட்டுறதுன்றதுதான் இன்னைக்கு மேட்டர்.

இதோ கேமரா கிட்ட கொண்டு வரேன், பாருங்க. இது ஒரு எம்ஜி 42, ஜெர்மன் மெஷின் கன். நிஜத்துல 122 சென்டிமீட்டர் நீளம், 1/300ல போட்டா 4 மில்லிமீட்டர்தான் வரும், பேரலோட அகலத்தைக் கணக்கு போட்டா முடி மாதிரிதான் இருக்கும், அப்படியே வார்த்தா தொட்டவுடனே ஒடிஞ்சிடும், அதனாலதான் செய்யுறவங்க துப்பாக்கியைக் கொஞ்சம் தடியா பண்ணி விடுறாங்க. அது தப்பே இல்ல, ஆனா அப்படிப் பண்ணியும் நின்னுட்டு பாக்குற தூரத்துல இது ப்ரென்னா (பிரிட்டிஷ் லைட் மெஷின் கன்) எம்ஜியான்னு யாருக்கும் தெரியாது. அதனால ஆயுதத்தை நம்பாதீங்க, ஆளுங்களை நம்புங்க. ரைஃபிள்மேன் பேஸ்ல, அதாவது ஆளுங்களை ஒட்டுற அட்டையில, அஞ்சாறு பேரை நிக்கிற, ஓடுற போஸ்ல கலைச்சு ஒட்டுங்க, மெஷின் கன் பேஸ்ல ரெண்டு மூணு பேர் மட்டும், படுத்தோ உக்காந்தோ, பக்கத்துல பக்கத்துல. பேஸையே வட்டமா வெட்டிட்டீங்கன்னா இன்னும் சுலபம், சதுரம்னா ரைஃபிள் செக்ஷன் (பத்து பேர் மாதிரி ஒரு சின்னக் குழு), வட்டம்னா சப்போர்ட் ஆயுதம், கண்ணு தானாப் பழகிடும். துப்பாக்கி மேல கருப்பு அடிக்காதீங்க, சின்ன ஸ்கேல்ல கருப்பு அப்படியே அமுங்கிப் போயிடும், அடர் சாம்பல் அடிச்சு மேல் விளிம்புல மட்டும் வெளிர் சாம்பல் ஒரு கோடு இழுங்க.

ஆனா பெயின்டைவிட முக்கியமான கேள்வி வேற, எதுக்குத் தனி பேஸ் குடுக்கணும், எதுக்குக் குடுக்கக் கூடாதுன்றது. பிரிட்டிஷ் பிளட்டூனை எடுத்துக்கோங்க. மூணு செக்ஷன், செக்ஷனுக்கு 10 பேர், ஒவ்வொண்ணுலயும் ஒரு ப்ரென். ஒரு பேஸ் ஒரு செக்ஷன்னு ஆடுறீங்கன்னா அந்த ப்ரென் அந்த பேஸுக்குள்ளயே இருக்கு, தனியா வெளிய எடுத்து வைச்சா ஒரே ஆயுதத்தை ரெண்டு தடவை எண்ணுற மாதிரி ஆயிடும். ஜெர்மன் பக்கம் இது இன்னும் அதிகம், அவங்க செக்ஷனே எம்ஜியைச் சுத்திக் கட்டினதுதான், மத்தவங்க அதுக்கு குண்டு தூக்குறதும் அதைக் காப்பாத்துறதும்தான் பெரும்பாலும். அதனால ஜெர்மன் செக்ஷன் பேஸ்ல ஒரு எம்ஜி ஆளைக் கண்டிப்பா ஒட்டுங்க, ஆனா தனி பேஸ் வேண்டாம்.

அதே எம்ஜி 42 டிரைபாட் (முக்காலி) மேல ஏறிடுச்சுன்னா கதையே வேற. ஆப்டிகல் சைட், 2,000 மீட்டருக்கு மேல அடிக்கும், அது பட்டாலியனோட (பல கம்பெனி சேர்ந்த படை) ஹெவி கம்பெனியில, அதாவது கனரக ஆயுதக் கம்பெனியில இருந்து வருது, யாருக்குக் குடுக்கணும்னு மேல இருக்குறவர் முடிவு பண்றாரு. இதுக்குத் தனி பேஸ் வேணும். பிரிட்டிஷ் விக்கர்ஸ் மெஷின் கன்னும் அப்படித்தான், தண்ணியால குளிரவைக்கிற துப்பாக்கி, 250 ரவுண்டு பெல்ட், தூக்கிட்டுப் போய் அமைக்கவே நேரம் எடுக்கும்.

விக்கர்ஸ் பத்தி பேச எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா நிறைய கேம் ரூல்ஸ் இதை வெறும் ‘நிறைய டைஸ் உருட்டுற ரைஃபிள்’னு ஆக்கிடுது. தூரத்துல சுடும்போது குண்டெல்லாம் ஒரு இடத்துல விழாது, நீளமா, ஒல்லியா ஒரு பட்டையா விழும். எதிரி குறுக்கே வரிசையா வந்தா அந்தப் பட்டைக்குள்ள கொஞ்சம் பேர்தான் மாட்டுவாங்க, அதே வரிசையைப் பக்கவாட்டுல இருந்து அடிச்சா மொத்த வரிசையும் அந்தப் பட்டைக்குள்ளயே வந்துடும். அதனாலதான் மெஷின் கன்னை நேரெதிரே வைக்காம ஓரத்துல வைச்சாங்க. நான் என்ன பண்றேன்னா சப்போர்ட் பேஸோட முன் விளிம்புல ஒரு அம்புக்குறி போட்டுடுறேன், அந்தத் திசையில ஒல்லியா ஒரு அட்டைத் துண்டை வைக்கிறேன், அதுக்கு அடியில எத்தனை பேஸ் வருதோ அத்தனைக்கும் தாக்குதல். இப்படி ஆடினா எங்க வைக்கணும்னு ஆடுறவங்களே யோசிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

மோர்ட்டாருக்கு வரேன். ஜெர்மன் 81 எம்எம் மோர்ட்டார் 2,400 மீட்டர் அடிக்கும். தரை ஸ்கேல், அதாவது பொம்மை அளவு இல்லாம தூரத்துக்குன்னு தனியா வைக்கிற அளவு, 1 சென்டிமீட்டருக்கு 10 மீட்டர்னு வைச்சா அது 240 சென்டிமீட்டர், உங்க டேபிளைவிட நீளம்! அப்புறம் எதுக்கு அதை டேபிள்ல வைச்சு இடத்தை அடைக்கணும்? குழாய் வெளியிலேயே இருக்கட்டும், டேபிள்ல வேண்டியது பாத்து சொல்ற ஆள்தான், பைனாகுலரோட ஒருத்தர், பக்கத்துல ரேடியோவோ போன் ஒயரோ. அவரை அடிச்சிட்டா மோர்ட்டார் குருடாயிடும். செஞ்ச மோர்ட்டார் அழகா இருக்குன்னு வைக்கணும்னா டேபிள் ஓரத்துல வைங்க, தாராளமா. பிளட்டூனோட 2 இஞ்ச் மோர்ட்டார் மட்டும் ஹெச்க்யூ (பிளட்டூன் தலைவரோட) பேஸ் கூடவே வரட்டும், அதுக்கு முக்கிய வேலையே புகை போடுறதுதான்னு வைச்சுக்கோங்க.

கடைசியா டேங்க் எதிர்ப்பு. ஜெர்மன் பான்சர்ஃபாஸ்ட்டுக்கு பேஸே வேண்டாம், ஒரு தடவை சுட்டுட்டு தூக்கிப் போடுற சாமான், பேர்லயே தூரம் இருக்கு, பான்சர்ஃபாஸ்ட் 60ன்னா 60 மீட்டர், டேபிள்ல 6 சென்டிமீட்டர். அந்த தூரத்துக்குள்ள டேங்க் வந்தா செக்ஷனுக்கு ஒரு சான்ஸ், அவ்வளவுதான். பிரிட்டிஷ் டேங்க் எதிர்ப்பு ஆயுதமான பியாட் ஸ்பிரிங்ல வேலை செய்யுது, பின்னாடி நெருப்பு அடிக்காது, அதனால வீட்டு ரூமுக்குள்ள இருந்து சுட விடுங்க. ஜெர்மன் ராக்கெட் லாஞ்சரான பான்சர்ஷ்ரெக் அப்படி இல்ல, புகையும் நெருப்பும் பின்னாடி கிளம்பும், அதனால அது சுட்ட உடனே அந்த பேஸ் பக்கத்துல புகைக்கு அடையாளமா துளி பஞ்சு வைச்சுடுங்க, அடுத்த டர்ன்ல எதிராளிக்கு அது எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு, சுடலாம்.