பத்து வரை எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தலையில் அடிபட்ட ஒரு பிள்ளை, சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்புகிற நாளை நினைத்துப் பாருங்கள். தையல் ஆறிவிட்டது. முடி வளர்ந்து வடுவை மறைத்துவிட்டது. சிரிக்கிறான், நண்பர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறான். எல்லோருக்கும் நிம்மதி. அவனுக்குச் சிக்கல் தொடங்குவது அந்த நிம்மதியில்தான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கால் முறிந்த பிள்ளையை மாடிப்படி ஏறச் சொல்ல நமக்கு மனம் வராது. கட்டு கண்ணில் படுகிறது. மூளைக்காயத்துக்குக் கட்டு இல்லை.

என் வகுப்பில் அப்படி ஒரு மாணவன் இருந்தான். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பான். காலையில் நடத்திய பாடத்தை மதியம் கேட்டால் திகைத்து நிற்பான். "பழையதெல்லாம் தெரிகிறது, புதியதைப் படிக்கத்தான் சோம்பல்" என்று அவன் அப்பாவிடம் நானே சொன்னேன். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது. காயத்துக்கு முன் படித்தது பெரும்பாலும் தங்கிவிடும். புதிதாக ஒன்றை மனத்தில் பதிப்பதுதான் கடினம். அது அப்போது எனக்குத் தெரியாது.

அவனிடம் கேள்வி கேட்பேன். பதில் வராது. அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவேன். ஒரு நாள் கேள்வி கேட்டதும் வாசலில் யாரோ அழைத்தார்கள். பேசிவிட்டுத் திரும்பினால், அவன் எழுந்து நின்று சரியான விடையைச் சொல்கிறான்! அத்தனை நாளும் அவன் விடையோடு வந்து சேர்ந்தபோது நான் அடுத்த பெஞ்சில் இருந்திருக்கிறேன்.

ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். மூன்று வினாடி கொடுத்தாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது என்றும் எழுதினார். மூளை காயப்பட்ட பிள்ளைக்குப் பத்து வினாடியாவது கொடுங்கள் என்பது என் அனுபவம். பத்து வினாடி எவ்வளவு நேரம்? இதோ, பேசாமல் இருக்கிறேன்.

(பத்து வினாடி மௌனம்)

வானொலி நின்றுவிட்டதோ என்று சிலர் கை நீட்டியிருப்பீர்கள். அவ்வளவுதான் நேரம். அதற்குள் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிக் கேட்காதீர்கள். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறோம். பாதி வழி வந்த பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரே கேள்வி, அதே சொற்கள், மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முற்பகலிலேயே மேசையில் தலை சாய்த்தால் அது அலட்சியம் இல்லை. இரைச்சலும் வெளிச்சமும்கூட அவனை வாட்டும். கால்மணி நேரம் அமைதியான இடத்தில் இருக்க விடுங்கள். திடீரென்று எரிந்து விழுவதும் காயத்தின் விளைவாக இருக்கலாம். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. அதனால் ஆறு வயதில் பட்ட அடி, தானே திட்டமிட்டுப் படிக்க வேண்டிய பன்னிரண்டு வயதில் வெளிப்படலாம். அப்போது பழைய விபத்து யாருக்கும் நினைவிருக்காது. வகுப்பு மாறும்போதெல்லாம் அடுத்த ஆசிரியருக்கு எழுதிக் கொடுங்கள்.

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. தேர்வைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பெற்றோர்களே, கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, சத்தமில்லாத அறை ஆகிய மூன்றையும், பிள்ளை பள்ளிக்குத் திரும்புகிற வாரத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வணக்கம்.