மனுவில் என்ன எழுதுவது?

நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை இருக்கிறது. ஓய்வு பெறும் வரை வேளாண்மைத் துறையில் வேலை. ஊர் ஊராகப் போய், விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை வைத்தவன். அன்றைக்கு அளவுக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு, நம் கொல்லைக்குக் கயிறு வருமா என்று வரப்பில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

மாதா மாதம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறதல்லவா, அங்கே நானும் தவறாமல் போகிறேன். ராகிக்காரர்கள் கொண்டுவரும் மனுவைப் பத்து எடுத்தால் எட்டில் ஒரே வாசகம்தான்: "மழை பொய்த்து ராகி காய்ந்துவிட்டது, உரிய நிவாரணம் வழங்க வேண்டும்." பதிலும் மாறாது. "பரிசீலிக்கப்படும்." இப்படிப்பட்ட மனுவை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி, அவர் நல்லவராகவே இருந்தாலும், என்ன செய்ய முடியும்? எந்த விதியை மாற்றுவது, எந்த அலகைத் திருத்துவது என்று அதில் ஒரு வரி கிடையாது. அந்த வரிகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் காப்பீடு. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. உணவு தானியத்துக்கு மழைக்காலக் காரிப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் நம் பங்கு, குளிர்கால ராபியில் ஒன்றரை சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் கட்டுகின்றன. 2020 வரை பயிர்க்கடன் வாங்கியவர்களைக் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள். இப்போது விருப்பம் இருந்தால் சேரலாம். அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புத்தகம் எடுத்துக்கொண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ பொதுச் சேவை மையத்துக்கோ போனால் வேலை முடிந்துவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பணம் எப்படிக் கணக்காகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. உங்கள் கொல்லை காய்ந்தால் உங்களுக்குப் பணம் என்று இந்தத் திட்டத்தில் கிடையாது. பயிரைப் பொறுத்து ஒரு வருவாய்க் கிராமமோ, பல கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவோ ஓர் அலகு. அந்த அலகு முழுவதுக்கும் சேர்த்து விளைச்சல் குறைந்ததா என்று பார்ப்பார்கள். ஊரில் எல்லாக் கொல்லையையும் அறுத்து எடை போட முடியாது. அதனால் குலுக்கல் எண் வைத்துச் சில சர்வே எண்களைப் பிடிப்போம். வயலின் தென்மேற்கு மூலையில் நின்று, குலுக்கலில் வந்த எண்ணுக்கு இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி அகலவாக்கில் நடந்து ஒரு முளை அடிப்போம். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவோம். இப்போது கைபேசி ஆப்பில் படமும் ஜிபிஎஸ்ஸும் சேர்த்து ஏற்றுகிறார்கள்.

ஒரு ஏக்கரில் அந்த மாதிரிச் சதுரம் சுமார் 160 போடலாம். ஒரு பிர்க்காவில் எத்தனை ஆயிரம் போடலாம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒருமுறை பென்னாகரம் பக்கம் முளை அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கொல்லைப் பாட்டி வந்து நின்றார். "ஏம்பா, அவன் கிணத்துத் தண்ணி பாய்ச்சற கேவுர அளந்துட்டு, எனக்கும் அதே வெளைச்சல்னு எழுதிக்குவீங்களா?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. இப்போது அதே கேள்வியை நானும் கேட்கிறேன். கிணற்றுப் பாசன ராகியையும் வானம் பார்த்த ராகியையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால், அந்தச் சராசரியில் காய்ந்த கொல்லை கண்ணுக்கே தெரியாது.

நம் மாவட்டத்தை இதைவிட அதிகமாக அடிப்பது வரம்பு விளைச்சல் என்று ஒன்று. கடந்த ஏழு வருட விளைச்சலை எடுத்து, அதில் நல்ல ஐந்து வருடங்களுக்குச் சராசரி போடுவார்கள். அதை 70, 80, 90 சதவீதம் என்ற மூன்று ஈட்டு அளவில் ஒன்றால் பெருக்குவார்கள். எந்த அளவு என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. இந்த வருட விளைச்சல் அந்த வரம்புக்கு எவ்வளவு கீழே போனதோ, அந்த விகிதத்தில்தான் இழப்பீடு வரும்.

பென்சில் பக்கத்தில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். இது கணக்குப் புரிவதற்காக நான் போட்ட எண்தான், எந்த ஊர் எண்ணும் இல்லை. ஏரிப் பாசனம் உள்ள ஓர் ஊரில் ஏழு வருடத்தில் ஐந்து வருடம் ஏக்கருக்கு 800 கிலோ, இரண்டு வருடம் வறட்சி என்று வைப்போம். நல்ல ஐந்தின் சராசரி 800. 80 சதவீதம் என்றால் வரம்பு 640 கிலோ. இந்த வருடம் 500 கிலோ விளைந்தால் 140 கிலோ குறை. பத்தாயிரம் ரூபாய் காப்பீட்டுக்குச் சுமார் 2,187 ரூபாய் வரும்.

சரி, இப்போது நம் மேட்டுக் கொல்லை ஊர். ஏழில் மூன்று வருடம்தான் 800. இரண்டு வருடம் 400, இரண்டு வருடம் 300. நல்ல ஐந்து என்று எடுத்தாலும் அதில் இரண்டு 400 வந்து உட்கார்ந்துகொள்கிறது. சராசரி 640, வரம்பு 512. இந்த வருடம் அதே 500 கிலோ விளைந்தால் குறை வெறும் 12 கிலோ. பத்தாயிரத்துக்கு 234 ரூபாய் வரும். பிரீமியமாகக் கட்டியது 200 ரூபாய்.

இரண்டு ஊரிலும் இந்த வருட விளைச்சல் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அடிக்கடி காய்கிற ஊருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. காய்வது அந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம் என்று கணக்கு முடிவு செய்துவிடுகிறது! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நமக்காக வேறொருவர் கணக்குப் பார்த்தாலும் அதே உழக்குதான்.

ஆகவே மனுவில் எழுத வேண்டியது இது. எங்கள் பிர்க்காவில் மானாவாரி ராகியைத் தனிப் பயிராக அறிவியுங்கள். எங்களுக்கு எந்த ஈட்டு அளவு வைத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏழு வருட விளைச்சல் எண்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். பரிசோதனை நடக்கும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். இவற்றில் ஒன்றுக்குக்கூட வெறுமனே "பரிசீலிக்கப்படும்" என்று பதில் எழுதிவிட முடியாது.

அடுத்து யானை. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து நேயர்கள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள். கர்நாடகத்தின் பன்னேர்கட்டாக் காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்குவதும் ராகி பால் பிடித்து முற்றுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். மரத்தின் மேல் பரண் கட்டி, பட்டாசும் பந்தமுமாக ராத்திரி பூராவும் கண் விழிக்கிறவர்களுக்குக் காப்பீட்டில் இடம் இல்லாமல் இருந்தது.  2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், 2026 காரிப் முதல் வனவிலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாக அறிவித்தது. கேட்டுக் கேட்டுக் கிடைத்த ஒன்று இது. ஆனால் எந்த விலங்கு, எந்த மாவட்டம், எந்தக் காப்பீட்டு அலகு என்பதை மாநில அரசுதான் பட்டியல் போட வேண்டும். சேதம் ஆன 72 மணி நேரத்துக்குள் படத்தோடு காப்பீட்டு ஆப்பில் பதிய வேண்டும். கிருஷ்ணகிரிக்காரர்கள் சும்மா "யானைத் தொல்லை" என்று எழுதாமல், அந்தப் பட்டியலில் தங்கள் பிர்க்கா பெயரும், யானையோடு காட்டுப் பன்றியும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். காட்டுக்குள் சிக்னல் இல்லாத ஊரில் 72 மணி நேரத்தில் படம் ஏற்றுவது எப்படி என்பதையும் சேர்த்தே கேளுங்கள். அதற்கு நேரில் எழுதிக் கொடுக்க ஒரு வழி வைத்தே ஆக வேண்டும்.

இந்த 72 மணி நேரக் கெடு அறுவடைக்குப் பிறகும் உண்டு. என் அனுபவம் ஒன்று. ஒரு கார்த்திகையில் அறுத்துக் காயப்போட்ட கதிர் மேல் மூன்று நாள் விடாமல் மழை. கதிரிலேயே முளை வந்துவிட்டது. அறுத்துப் பரப்பிய 14 நாளுக்குள் இப்படி நனைந்தால் அதற்குத் தனியாக இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. இங்கே உங்கள் கொல்லையைத் தனியாகவே பார்ப்பார்கள், அலகுச் சராசரி வராது. துறையில் இருந்தவன், எனக்கே அது நான்காம் நாள்தான் ஞாபகம் வந்தது. போய்ச் சொன்னேன். கெடு முடிந்துவிட்டது என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். என் மனைவி, "மாட்டுக் கொட்டாயிலயும் எழுதுங்க, அங்கதான் நீங்க இருப்பீங்க" என்றாள். எழுதினேன்.

காப்பீடு விளைச்சலுக்குத்தான். நன்றாக விளைந்து விலை விழுந்தால் அது கண்டுகொள்ளாது. ராகிக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 2017-18-ல் குவிண்டாலுக்கு 1,900 ரூபாய். மறுவருடமே 2,897 ஆனது. 2025-26-க்கு 4,886. ஏற்றம்தான், மறுக்கவில்லை. 2023 மே முதல் நம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கினார்கள். அதற்கு நம் மாவட்டங்களிலேயே கொள்முதல் என்றதும் களத்துமேட்டில் ஒரு தெம்பு வந்தது உண்மை. ஆனால் ஆதரவு விலை கிடைக்க, அறுக்கும்போது கொள்முதல் மையம் திறந்திருக்க வேண்டும். ஒரு வருடம் கதிரடிக்கும் மிஷின் வாடகைக்கும் அறுப்புக் கூலிக்கும் கை முட்டிப்போய், ஆறு மூட்டையைக் களத்திலேயே வியாபாரியிடம் போட்டேன். எங்கள் பக்கம் மையம் திறந்தது மூன்று வாரம் கழித்து. ஆகவே விலையை ஏற்று என்று கேட்பதைவிட, மையத்தைக் கார்த்திகை முதல் வாரம் திற என்று கேட்பது எங்களைப் போன்ற ஆறு மூட்டைக்காரர்களுக்கு லாபம்.

வருமான உதவிக்கு வருகிறேன். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியபோது வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. மாதத்துக்கு 500 ரூபாய். அன்று வைத்த தொகை அப்படியே நிற்கிறது. உர விலையும் கூலியும் நிற்கவில்லை. அதிலும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நம் பக்கம் எத்தனை பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது! குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு பிரிக்கிற வாரத்துக்கும் உழுகிறவருக்கு ஒன்றும் இல்லை. புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போக, விதைப்பும் களையெடுப்பும் அறுப்பும் தலைமேல் விழுந்த பெண்களுக்கும் அவர்கள் பெயரில் பட்டா இல்லாவிட்டால் இல்லை. தெலங்கானா 2018-ல் ஏக்கருக்கு இவ்வளவு என்று பருவத்துக்குப் பருவம் கொடுக்கத் தொடங்கியபோதும் குத்தகைக்காரரை விட்டுவிட்டார்கள். நில ஆவணத்தைப் பிடித்துக்கொண்டு உழவனைத் தேடினால் எங்கும் இதே கதைதான்.

கனடாவில் விவசாயிகளுக்கு வேறு மாதிரி ஒரு திட்டம் உண்டு. அங்கே பண்ணையின் மொத்த வரவு செலவைப் பார்க்கிறார்கள். ஒருவருடைய இந்த வருட மிச்சம், அவருடைய முந்தைய வருடங்களின் சராசரியில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அரசு கை கொடுக்கும். 2013 வரை அது 85 ஆக இருந்தது. அதைத் திரும்பக் கொடு என்று அவர்கள் வருடக்கணக்காக அரசை நச்சரித்தார்கள். நமக்கு அந்தத் திட்டம் அப்படியே பொருந்தாது. வரவு செலவு நோட்டு யார் வைத்திருக்கிறோம்? நான் அதில் பார்ப்பது, அவர்கள் 70-ஐ 85 ஆக்கு என்று ஒரு எண்ணைக் கேட்டார்கள் என்பதைத்தான்.

நம்மிடமும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. எழுபதுகளில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணம் என்ற ஒரே பொருளைப் பிடித்தார்கள். 1972-ல் கோவையை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. ஆனால் அது கிணறு உள்ளவர்களின் சங்கம், கிணறு உள்ளவர்களின் வெற்றி. வானம் பார்த்த ராகிக்காரனுக்கு மோட்டாரும் இல்லை, மீட்டரும் இல்லை. நமக்காக யாரும் வண்டி கட்டவில்லை என்று எனக்கு ஒரு சின்ன வருத்தம் இன்னும் உண்டு.

எங்கள் ஊரில் பதினாறு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஒன்றரைப் பக்கம். நிவாரணம் என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை. பிர்க்கா பெயர், நான்கு கேள்வி, மையம் திறக்க ஒரு தேதி, குத்தகைக்காரர் மூவரின் பெயர். அந்த மூவரும் கையெழுத்துப் போட முதலில் தயங்கினார்கள். நிலத்துக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். கடைசியில் நிலத்துக்காரரே முதல் கையெழுத்தைப் போட்டார். அடுத்த கூட்டத்தில் கொடுக்கிறோம். அதற்குள் அடங்கல் நகல் வாங்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார். வணக்கம்.